அப்பாவின் பெயர் போய்ச் சேர்ந்த இடம்

காணிக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி உண்டு. முக்கியமான காகிதம் என்றால் கை தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

பிரான்சில் அண்ணா இறந்தபின், அவருடைய கைபேசியில் என் இலக்கத்தைக் கண்டுபிடித்து அவர் மகள் எழுதினாள். தாயும் முன்பே போய்விட்டாள். 'எனக்கு யார் யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது பிரெஞ்சு மட்டும். கைபேசி மொழிபெயர்த்துத் தந்த அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. தர்மபுரத்து வீட்டில் இருந்து நான்கு தலைமுறையை ஆங்கிலத்தில் எழுதி, கொழும்பில் ஒருவரைப் பிடித்துப் பிரெஞ்சாக்கி, பெருமையோடு அனுப்பினேன்.

பதில் சுருக்கமாக வந்தது. 'ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குடும்பப்பெயர் இருக்கிறது. என் அப்பாவுக்கும் வேறு பெயர். இது எங்கள் குடும்பம் அல்ல என்று நினைக்கிறேன்.'

நான்தான் சித்தப்பா என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பத்திரங்களும் படங்களும் முள்ளிவாய்க்காலோடு போனவை. அண்ணாவின் பிள்ளையை என் கையாலேயே தொலைத்துவிட்டேன் என்று பயந்தேன்.

பிரான்சில் இருபது வருடம் இருந்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்பிய ஒரு ரீச்சரைப் பற்றி மனைவி விசாரித்துச் சொன்னாள். அடுத்த நாளே பஸ் ஏறினேன். அவர் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னட்டைத் தமிழிலயே தந்திருக்கலாமே. ஏன் இங்கிலீசு?"

"பழக்கதோசம், ரீச்சர்."

"எங்கட ஆக்களுக்குக் குடும்பப்பேர் எண்டு ஒண்டு இருக்கோ? தகப்பன்ர பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு. கொழும்பில மொழிபெயர்த்தவர் பின்னுக்கு இருந்ததையெல்லாம் குடும்பப்பேராப் போட்டிட்டார். பாருங்கோ, உங்கட வீட்டில ஆளுக்கொரு குடும்பம்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அப்படியே எழுதியவன், அதை விளக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

ரீச்சர் எல்லாவற்றையும் திருத்தி, எங்கள் வழக்கத்தை மேலே பிரெஞ்சில் எழுதினார். பிறகு, "அண்ணான்ர பிள்ளையின்ர குடும்பப்பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"அது உங்கட அப்பான்ர பேரெல்லோ!"

"ஓம்" என்றேன். அண்ணா அங்கே போய் இறங்கியபோது, முன்னால் இருந்த அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகப் பதிந்திருக்கிறார்கள். இங்கே என் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது என் பெயர். பேரப்பிள்ளைகளுக்கு என் மகனின் பெயர். அப்பா எங்கள் வீட்டில் எப்போதோ உதிர்ந்துவிட்டார், நான் கவனிக்கவில்லை.

அவளுடைய குடும்பப்பெயர் அவள் தாத்தாவின் பெயர்தான் என்பதையும் ரீச்சர் எழுதிச் சேர்க்க, அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டு சொல்லும் தமிழில் இருந்தன: 'வணக்கம் சித்தப்பா.' பிறகு பிரெஞ்சில், தனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றும், அதற்குக் கணவனின் குடும்பப்பெயரைப் போடத்தான் இருந்ததாகவும், இப்போது தாத்தாவின் பெயரையே கொடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தாள்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி என் கண்ணைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

அப்பா கொழும்பைக்கூடப் பார்த்ததில்லை.

"ஒண்டுமில்லை. அப்பா பிரான்சுக்குப் போயிட்டார்" என்றேன்.