மதலேனா தட்டிய பெயர்

1989இல் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரே ஒரு மேசை. அதில் மதலேனா இருந்தார். தோ பாயோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சிராங்கூன் ரோடு அலுவலகத்திலிருந்த பெரிய கணினியை, அதன் பெயரைத் தட்டி அழைத்தால்தான் அவருக்கு வேலை ஓடும். அதற்கு ‘வழி’ என்று பெயர் வைத்தவன், அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்ட நான். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு இசட், எச்.

சில நேரம் இணைப்பு கிடைக்கும். சில நேரம் அப்படி ஒரு பெயரே இல்லை என்று திரை சொல்லும். ஒரு மாதம் அவரைப் போனில் காய்ச்சி எடுத்தேன்.

“ஸ்பெல்லிங்கூடத் தெரியாம எப்படிம்மா வேலைக்கு வந்த?”

“சரியாத்தான் அடிக்கிறேன்லா சார்.”

கடைசியில் ஒரு தாளுடன் நேரிலேயே வந்துவிட்டார். தட்டிய எழுத்து, நேரம், வந்த பதில் எல்லாம் அதில் இருந்தன. எழுத்து ஒருமுறைகூட மாறவில்லை, பதில்தான் மாறியது.

கணினிகளின் பெயர்ப் பட்டியலைத் திரையில் திறந்தேன். அது இரண்டு கணினிகளில் இருந்தது. கேள்வி எதற்குப் போகிறதோ அது பதில் சொல்லும். முதல் பட்டியல் சரி. இரண்டாவதில் இசட், எச் இல்லை, வெறும் எல். இரண்டையும் தட்டியவன் நானேதான்.

மதலேனா திரையைப் பார்த்தார்.

“போன்லயும் நீங்க ‘வலி’ன்னுதான் சார் சொல்வீங்க. நான்தான் திருத்தி அடிச்சேன்.”