பெரியப்பாவின் கைநாட்டு

என் அப்பனை வெட்டியவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். எனக்குப் பெரியப்பா. எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடிதான் காரணம். அதை யார் பறிப்பது என்று காலையில் ஆரம்பித்த பேச்சு, மத்தியானத்துக்குள் காப்பிச்செடி கழிக்கும் கவாத்துக் கத்தி வரைக்கும் போய்விட்டது. தடுத்த கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நான் போனபோது அப்பன் மிளகுக் கூடைமேல் கவிழ்ந்து கிடந்தார். பெரியப்பா ஓடவில்லை. கத்தியைப் புல்லில் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். போலீஸ் அவரை அடித்து ஜீப்பில் ஏற்றியபோது, இன்னும் நாலு போடுங்க என்று கத்தியவள் நான்தான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் செம்மநத்தத்தில் ஒரே மண்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கொலைக்குப் பிறகும் அப்படியேதான். வேறெங்கே போவது? அந்தப் பக்கம் பெரியம்மா இருமினால் இந்தப் பக்கம் நான் உலக்கையால் சுவரை இடிப்பேன். அவள் தண்ணீர்க் குடத்தை இரண்டு தடவை போட்டு உடைத்திருக்கிறேன். தடுக்க வந்த அம்மாவையும் ஏசியிருக்கிறேன்.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி. நாலு நாள் விடாத மழையில் அந்தச் சுவர் சரிந்தது. இரண்டு பக்கத்துக் கூரையும் அதோடு இறங்கிவிட்டது. ஆடுகள் நசுங்கிச் செத்தன. அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பெரியம்மாதான் கையால் மண்ணைத் தோண்டி அம்மாவை இழுத்து வெளியே போட்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் என் ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை.

நிவாரணப் பட்டியலோடு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரே கூடியிருந்தது. பெரியம்மா தன் புருஷன் பேரைச் சொல்லி, ஆள் சேலம் ஜெயிலில் இருப்பதையும் சொன்னாள். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"ஏனுங்க சார், கொலைகாரனுக்கு நிவாரணமாங்க? அங்க அவன் தலமேலயா மழ பேயுது? கவர்மெண்டு கூரைக்கடியில குந்திக்கிட்டு மூணு வேளையும் திங்கறான். எங்கப்பனுக்கு என்னுங்க குடுத்தீங்க?"

"காசு அவருக்கில்லீங்க. எம்புள்ளைங்க நனையாம இருக்கத்தானுங்க" என்றாள் பெரியம்மா.

இடிபாட்டில் கிடந்த மூங்கிலை எடுத்து அவள் வாயிலேயே போட்டேன். முன்பல் ஒன்று சேற்றில் விழுந்தது. பட்டியலில் பெரியப்பா பேர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. நான் செய்தது சரி என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

எங்கள் மலையில் அண்ணன் தம்பி அடுப்பைத்தான் பிரிப்பார்கள், பட்டாவைப் பிரிப்பதில்லை. அது மூத்தவர் பேரிலேயே கிடக்கும். அடுப்பு இரண்டானால் வீடு இரண்டு என்பது எங்கள் நினைப்பு. எங்கள் பங்கு நிவாரணத்தை விசாரிக்க ஏற்காட்டு ஆபீஸுக்குப் போனபோது கிளார்க் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். வீடு ஒன்று, பேர் ஒன்று, அதுவும் பெரியப்பா பேர்.

"நீ கோடு அடிக்கச் சொன்னது உங்க ஊட்டயும் சேர்த்துத்தாம்மா. பட்டாதாரர் மனுவுல கைநாட்டு வெச்சா மறுபடி சேர்க்கலாம். வெள்ளிக்கிழமை பட்டியல் போயிரும்" என்றார்.

அம்மா ஒழுகும் சாக்குப் படுதாவுக்குக் கீழே, கட்டுப்போட்ட காலோடு காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு முகம் வீங்கி வாய் திறக்க முடியவில்லை. வியாழக்கிழமை நான்தான் சேலம் ஜெயிலுக்குப் பஸ் ஏறினேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா பாதியாக இளைத்திருந்தார்.

"வா கண்ணு."

"கண்ணுன்னா கண்ண நோண்டிப்புடுவேன். இதுல கைநாட்டு வைங்க" என்றேன். அப்போதும் மரியாதை தானாக வந்து தொலைத்தது. அதற்கே என்னை அறைந்துகொள்ளத் தோன்றியது.

வார்டர் மனுவைப் படித்துச் சொன்னார். பணத்தை என் அம்மாவும் பெரியம்மாவும் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

"உங்க பெரியம்மா ஏன் வரல?"

"மூங்கில்ல அடிச்சு வாய ஒடச்சுப்புட்டேன்."

அவர் கோபப்படவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொம்ப வலிக்கும் சாமி அவளுக்கு. நீ என்ன பண்ணுவ, நம்மூட்டு ரத்தம்" என்றார்.

வலை கிழிந்திருந்தால் அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். அவர் வலது கட்டைவிரலை மையில் புரட்டி, காகிதத்தில் வைத்து அழுத்தினார். கத்தி பிடித்த கை. கறுப்பாக, கொழகொழவென்று பதிந்தது.

"ஈரம் காயலம்மா, கலைஞ்சா செல்லாது" என்று வார்டர் காகிதத்தை நீட்டினார்.

வெளியே தூறல். முந்தானையைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டேன். என் அப்பனை வெட்டிய விரலின் மை அழிந்துவிடக் கூடாதே என்று, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதை வாயால் ஊதிக்கொண்டே நடந்தேன்.