எஸ்தர் எழுதிய ஐம்பது நாட்கள்

என் மனைவி எஸ்தருக்குப் பேச்சு போய் ஐந்தாவது வாரத்தில் நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். சபையில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடும் கண்ணை மூடி நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவனுக்கு ஆண்டவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விசுவாசத்தில் நின்றவனின் சாட்சி இல்லை இது. விட்டுவிட்டவனின் சாட்சி.

என் பெயர் தேவதாஸ். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில் குடியிருக்கிறோம். வீட்டு வயரிங், மோட்டார் ரிப்பேர், இதுதான் என் தொழில். எஸ்தர் டவுனில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் பதினான்கு வருடமாகச் சேலை மடிக்கிற வேலை பார்த்தாள். வந்தவர்களுக்கு விரித்துக் காட்டுவது மற்றவர்கள். வந்தவர்கள் எழுந்து போன பிறகு, கலைந்து கிடக்கிற சேலைகளைப் பழைய மடிப்பு மாறாமல் எடுத்து அடுக்குவது இவள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து நோட்டு எழுதுவாள். வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு தியானப் புத்தகம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஐம்பது நாள். பஸ்ஸில் நின்றபடியே படித்து முடிக்கிற அளவு. இதற்காக இரண்டு வருடம் ஜெபித்துவிட்டுத்தான் முதல் வரியை எழுதினாள்.

நான் அதற்கு மரியாதை கொடுக்கவில்லை. "உன் புக்க யாரும்மா படிக்கப்போறாங்க? பெரிய பெரிய ஊழியக்காரங்க எழுதுனதே அலமாரில தூங்கிக்கினு இருக்குது" என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அவளுக்கு அப்படிச் சட்டென்று கோபம் வராது. உப்பு கூடிப்போனால், சுவிட்ச் போர்டில் நான் கைரேகை வைத்தால், அப்போதுதான் வரும்.

ஒரு சாயங்காலம் நோட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரே ஒரு பக்கம் படிக்கிறேன். கேக்குறீங்களா?"

நான் ஒரு பழைய ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றேன்.

மறுநாள் காலை பதினோரு மணி சுமாருக்குக் கடையிலிருந்து போன் வந்தது. சேலையை மடித்துக்கொண்டே இருந்தவளுக்கு வலது கை வரவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணிடம் என்னவோ சொல்லப் பார்த்திருக்கிறாள். "தா, தா" என்றுதான் வந்ததாம். கடை முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. பக்கவாதம் என்றார்கள்.

உயிர் பிழைத்தாள். அதற்கே கோடி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஆனால் வலது கையும் காலும் பலவீனம், பேச்சு அறவே இல்லை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "நீங்க பேசுறது அவங்களுக்கு நல்லாப் புரியும். அவங்களுக்குத்தான் வார்த்தை எடுக்க வராது. பயிற்சி கொடுத்தா கொஞ்சம் கொஞ்சமா வரலாம். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் வேண்டுமென்றாலும் "தா". வலித்தாலும் "தா". எங்கள் மகள் ஜெனி ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் டம்ளர், தட்டு, தலையணை எல்லாம் படம் வரைந்து ஒரு அட்டை செய்து கொடுத்தாள். எஸ்தர் இரண்டு நாள் அதில் விரல் வைத்துக் காட்டினாள். மூன்றாம் நாள் அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுதது முதுகில் தெரிந்தது.

அந்த நாட்களில் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, அவ பேசட்டும். என்னைத் திட்டுறதுக்காவது பேசட்டும்." வாரக்கணக்கில் கேட்டேன். பதில் இல்லை. ஐந்தாவது வாரம் விட்டேன்.

அந்த வாரம்தான் சம்பந்தம் வந்தார். டவுனில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, சேலைப் பெட்டி லேபிள் எல்லாம் அடிப்பார். அவருடைய அண்ணன்மார் இன்றும் தறியில் இருக்கிறார்கள். சைவக் குடும்பம், நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. எஸ்தருக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு காகிதக் கட்டு.

"அண்ணா, அம்மா முன்னாடியே வந்து மொத பத்து பக்கம் குடுத்துட்டுப் போனாங்க. அடிச்சு வச்சிருக்கேன். ஒரு தபா பாத்துக் குடுங்க."

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லாமலே போயிருக்கிறாள். சொல்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவும் இல்லை. முதல் தாளில் அவள் பெயர் அச்சில் இருந்தது. எஸ்தர் இடது கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். "தா" என்றாள்.

அப்போதே முடிவு செய்தேன். இந்தப் புத்தகம் வந்தே ஆக வேண்டும்.

முதல் பத்துப் பக்கத்தை அவள் நிதானமாகப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். மீதி நோட்டின் கையெழுத்து சம்பந்தத்துக்குப் புரியவில்லை. அவசரத்தில் எழுதியது, பாதி வார்த்தைக்கு வால் இருக்காது. "யாராச்சும் படிச்சு போன்ல அனுப்புனா நான் கேட்டுக் கேட்டு அடிச்சிடுவேன். உங்க வேத விஷயமெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. தப்பா அடிச்சா பாவம் எனக்கு" என்றார்.

ஜெனி ஷிஃப்டில் இருந்தாள். நான்தான் படித்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். தினமும் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, போனில் பதிவை அழுத்திவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எஸ்தர் கூரையைப் பார்த்தபடி கேட்பாள். முன்பு கேட்க மறுத்த பக்கங்களை நானே அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? ஒரு குடும்பம் வந்து ஐம்பது சேலையைக் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறது. "இவர்களை ஆசீர்வதியும் என்று வாயால் சொன்னேன், மனசு வரவில்லை. இருபதாவது சேலையை மடிக்கும்போதுதான் மனசு வந்தது" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அவள் உதடும் ஒரு பக்கம் அசைந்தது.

நான் என் மனைவியை அந்த நோட்டில்தான் சந்தித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. இருபத்தாறு வருடம் கூட இருந்தும் இந்தப் பேச்சையெல்லாம் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இருபத்திமூன்றாம் நாளுக்கு வந்தோம். கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக எழுதியது. நான் படித்தேன்: "சகோதரியே, பயன்படாதே. உனக்கு முன்னாலேயே அவர் கடைக்குப் போய்விட்டார்."

"பயப்படாதே."

"ஆமா, பயப்படாதே" என்று திருத்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். இரண்டு வார்த்தை படித்திருப்பேன். பிறகுதான் உறைத்தது. அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். குழம்பில் உப்பு கூடினால் வருமே, அதே முகம். நான் கேட்டபடியே, திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்திருக்கிறாள்.

"எஸ்தரு, இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

வாயெடுத்தாள். "தா" என்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். வரவில்லை. அவள் கண் கலங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரமையாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம். ஜெனியிடம்கூடச் சொல்லவில்லை. வழக்கம்போலப் பதிவைச் சம்பந்தத்துக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை நான் சாந்து பூசாத ஒரு சுவரில் பைப் பதித்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தம் அழைத்தார்.

"அண்ணா, நீங்க படிக்கறப்ப நடுவுல ஒரு பொம்பள குரல் வருது. அது யாரு?"

சுவரில் வைத்த உளியை எடுத்தேன்.

"அம்மாதானே அது? நாலு தபா போட்டுக் கேட்டுட்டேன். அம்மா குரல் எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுலயும் அவங்களுக்காக வேண்டிக்கினு இருக்கோம்ணா."

உளியைக் கீழே வைத்துவிட்டு அந்த வீட்டு மாடிப்படியில் முழங்கால் போட்டேன். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் ஜெபித்தேன். பெரிய ஜெபம் இல்லை. "நீர் கேட்டீரே" என்று மட்டும் சொன்னேன். பயப்படாதே என்று சொன்னது என் மனைவிதான். ஆனால் எனக்குச் சொன்னது அவர்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள், நான் ஒரு வரியில் தடுமாறும்போது, "கண்ணாடி" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படி என்கிறாள். எனக்கு வயசானது தெரியக்கூடாதென்று அதை டூல்ஸ் பையிலேயே வைத்திருப்பேன். எடுத்துப் போட்டேன். அன்றிலிருந்து நான் தப்பாகப் படிக்கும் இடத்தில் எல்லாம் அவளுக்கு வார்த்தை வந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் சிரித்துவிட்டு, "இதே மாதிரி தெனமும் படிங்க சார்" என்றார். தப்பாகப் படிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோட்டு நாற்பத்தொன்றாம் நாளோடு நின்றிருந்தது. பாஸ்டர் அன்பாகச் சொன்னார், "நாற்பதோட முடிச்சிடலாமே சகோதரி. தவக்காலத்துக்கும் பொருத்தமா இருக்கும்." எஸ்தர் தலையை ஆட்டி மறுத்தாள். இடது கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஐம்பது.

மீதி ஒன்பது பக்கத்தையும் வாயால் சொன்னாள். ஒரு வரி சேர ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு வார்த்தையாக வரும், ஜெனி எழுதிக்கொள்வாள். நாற்பத்திரண்டாம் நாள்: "இன்று டம்ளரைப் பிடித்தேன். நன்றி." நாற்பத்தைந்தாம் நாள்: "இவருக்குச் சமைக்கத் தெரியாது. சமைக்கிறார். ஆசீர்வதியும்."

சம்பந்தத்துக்குக் கவலை. "ஒரே ஒரு வரி, மீதி பேப்பர் காலியா இருக்குதேம்மா. பூ, புறா ஏதாச்சும் படம் போடட்டா?"

"வேணாம்" என்றாள். தெளிவாக வந்தது. அவர் அதோடு விட்டுவிட்டார்.

பெண்கள் ஐக்கிய ஞாயிறன்று புத்தகத்தைச் சபையில் வெளியிட்டோம். சம்பந்தம் வெள்ளை வேட்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் ஜெனியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு பக்கம் வாசித்தாள். ஒரே ஒரு வரிதான். நெடுநேரம் ஆனது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, யாரும் இருமவில்லை. அவள் முடிக்கும்வரை சபை முழுக்கக் காத்திருந்தது.

சில வாரம் கழித்துக் கூரம் கிராமத்திலிருந்து ஒரு அம்மா ஷேர் ஆட்டோ பிடித்துத் தேடி வந்தார். அவர் கணவருக்கும் இதே நிலைமை. "முன்னாடி இருக்கறதெல்லாம் நான் படிக்கிறேன்மா. அந்த ஒரு வரிப் பக்கத்த அவரு படிக்கிறாரு. அவரால முடியுறது அவ்ளோதான்" என்று சொல்லி எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். காலியாக விடச் சொன்னது யாருக்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இன்றும் எஸ்தர் முழுதாகக் குணமாகவில்லை. உப்பு கேட்க நினைத்துச் சர்க்கரை என்பாள், சம்பந்தத்தைச் சண்முகம் என்பாள். கடைக்குப் போவதில்லை. வலது கை இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு இருக்கிறது. வேலையிலிருந்து வந்தால் நான் முதலில் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அவள் ஒரு வார்த்தையைத் தேடும்போது அவசரப்படாமல் இருக்கக் கற்றிருக்கிறேன். என்னோடு ஆண்டவர் எத்தனை வருடம் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போது தெரிகிறது.

இதை வாசிக்கிற சகோதரரே, சகோதரியே, ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போய் நீங்களும் வாயை மூடியிருக்கலாம். நான் மூடியிருந்தேன். நான் நிறுத்திய பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. அவரை நம்புங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது எஸ்தரிடம், "எல்லாருக்கும் நீ இன்னா சொல்ற?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தேடினாள். காத்திருந்தேன்.

"கேளுங்க" என்றாள். பிறகு, "குடுப்பாரு." முடித்துவிட்டாள் என்று நினைத்துப் பேனாவை மூடப் போனேன். என் கையைத் தட்டினாள். இன்னும் ஒன்று இருந்தது.

"லேட்டாவும்."