மச்சான் இறக்கிய கரி

நிலக்கரியைக் கையில் எடுத்தாலே தரம் சொல்லிவிடுவான் கொல்லன் தர்விஸ். சொல்லி என்ன பயன்? சிங்காலாங் மலையடியில், அந்த ஊர் வழக்கப்படி, அவன் குடியிருந்தது மனைவி வீட்டில். பட்டறை நின்றதும் அவள் குடும்பத்து மண்ணில்தான். அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர் அவள் அண்ணன் கைதிர். அவரே தன் லாரியில் சுரங்கப் பக்கமிருந்து கரி கொண்டுவந்து இறக்கினால், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அன்றும் இறக்கினார்.

"பாத்தீங்களா மாப்ளே, ஒவ்வொண்ணும் பூசணிக்கா சைஸு!"

தர்விஸ் ஒரு கட்டியை எடுத்தான். கல்லாகக் கனத்தது. உடைத்தால் உள்ளே சாம்பல்நிற வரி, நடுநடுவே மஞ்சள் மினுக்கம். உலையில் போட்டுத் துருத்தியை அழுத்தினான். நல்ல கரி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்து வைக்கும். இது படபடவென்று வெடித்துச் சிதறியது. நெடி மூக்கைக் கிழித்தது.

"மச்சான், இதுல கந்தகம் இருக்கு. இரும்பு ஒட்டாது."

"கறுப்பா இருக்குல்ல? எரியுதுல்ல? அப்புறம் என்ன?"

அவருடைய மண்வெட்டிக்கே எஃகு முனை ஒட்ட வேண்டியிருந்தது. தர்விஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். அடிக்க அடிக்க முனை கழன்று விழுந்தது.

"கை தளந்துபோச்சா உங்களுக்கு?" என்றார் கைதிர்.

தர்விஸுக்குப் பொறுக்கவில்லை. குறடை அவர் கையில் திணித்தான். "நீங்களே ஒட்டுங்க."

வீம்புக்கு வாங்கிக்கொண்டார். இருமி இருமிக் கண் சிவந்ததுதான் மிச்சம். உலையடியில் சாம்பல் உருகிக் கிட்டமாகி, கண்ணாடிபோல் இறுகி, காற்றே ஏறவில்லை. காப்பி கொண்டுவந்த தர்விஸின் மனைவி ரோஸ்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, மண்வெட்டி செய்றீங்களா, கொசு விரட்டுறீங்களா?"

குறடைக் கீழே போட்டார் கைதிர். "காத்து சரியில்ல" என்று முனகிவிட்டு லாரியேறிப் போய்விட்டார்.

அடுத்த முறை வந்த கரி பளபளவென்றிருந்தது. கையில் லேசாக நின்றது. உலையில் உப்பி ஒட்டியது. முனையும் முதல் சூட்டிலேயே பிடித்துக்கொண்டது. மனம் குளிர்ந்து நன்றி சொல்லத் திரும்பினான் தர்விஸ்.

வாசலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கூடியிருந்தார்கள். நடுவில் கைதிர், கையில் ஒரு கட்டியோடு.

"கரின்னா உடைச்சுப் பாக்கணும். கொளுத்தி மோந்து பாக்கணும். சும்மா கறுப்பா இருந்தாப் போதுமா? எங்க மாப்ளைக்கு இதெல்லாம் நான்தான் சொல்லிக் குடுக்கவேண்டியிருக்கு!"

தர்விஸ் உலைப்பக்கம் திரும்பி மண்வெட்டியை அடித்தான், தேவைக்கு மேலேயே பலமாக.