அரக்கு வைத்த ஆட்டம்

“இடையில் நிறுத்தப்பட்ட ஆட்டம், நிறுத்தப்பட்ட நிலையிலிருந்தே தொடரப்பட வேண்டும்.” எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் போட்டி விதிகளில் ஏழாவது விதி இது. கேரம் பலகையையும் சதுரங்கத்தையும் மனத்தில் வைத்து யாரோ எழுதியது. இவ்வளவு தெளிவான விதியை என் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை. தெளிவான விதிகளுக்கு வழக்கமாக நேர்வதுதான் இதற்கும் நேர்ந்தது.

போன வாரம் மருமகன் விழுப்புரத்துக்கு வந்தபோது ஒரு பெட்டி வாங்கி வந்தார். தொண்ணூறுகளில் டிவியில் செருகி ஆடிய வீடியோ கேம்களை எல்லாம் ஒன்றாக அடைத்து, மேலே ‘ரெட்ரோ’ என்று எழுதி விற்கிறார்கள். நாம் தூக்கிப் போட்டதை நமக்கே விற்கும் கலைக்கு இப்படி ஒரு பெயர். “மாமா, உங்க காலத்து கேம் எல்லாம் இதுல இருக்கு. எந்த எடத்துல வேணும்னாலும் சேவ் பண்ணிக்கலாம். தப்பாப் போச்சுன்னா பின்னால ஓட்டிக்கலாம்” என்றார். தப்பைப் பின்னால் ஓட்டும் வசதி எங்கள் காலத்தில் இல்லை. தப்புக்கு மேல் இன்னொரு தப்பு செய்து, அதற்குத் ‘திருத்திய ஆணை’ என்று பெயர் வைப்போம்.

கொஞ்ச நேரத்தில் அடாப்டர் சூடாகி ஒரு வாசனை வந்தது. மற்றவர்கள் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்கள். எனக்கு அது உருகும் அரக்கின் வாசனையாக இருந்தது. அரக்கு என்றால் கன்னியப்பன். கன்னியப்பன் என்றால் அந்தக் கட்டை ஆட்டம்.

கன்னியப்பன் எங்கள் விழுப்புரம் அலுவலகத்தின் ஹெட் கிளார்க். நான் அப்போது அங்கே இளநிலை உதவியாளன். மன்றத்துக்கு இணைச் செயலாளன். செயலாளர் கையெழுத்துப் போடுவார், மற்றதெல்லாம் இணைச் செயலாளர் செய்வார் என்பது எழுதப்படாத விதி. குடும்ப விழாவுக்காக ஒரு டிவி கேம் வாங்க முடிவானது. மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற வேண்டும். பாண்டிச்சேரியில் ஒரே ஒரு கடையில்தான் சரக்கு இருந்தது. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், மூன்று லெட்டர் பேடில் மூன்று விலைப்புள்ளியும் அவரே கொடுத்துவிட்டார்.

கூட வந்த கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருந்தது. ஆடிப் பார்த்தால் அதே நாலைந்துதான், பெயர் மாற்றி மாற்றி வந்தன. துறை அறிக்கைகளைப் படித்துப் பழகிய எங்களுக்கு இது ஏமாற்றமாகவே படவில்லை. கேசட் ஓடவில்லை என்றால் கன்னியப்பன் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, அடுப்பு ஊதுவதுபோல ஊதுவார். வெற்றிலைச் சாற்றோடு. ஓடினால் ஊதியதால் ஓடியது. ஓடாவிட்டால் இன்னும் ஊத வேண்டும்.

அதில் நாங்கள் விரும்பி ஆடியது கட்டை ஆட்டம். மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரிசை நிரம்பி மறையும், புள்ளிகள் ஏறும். கோணலாக அடுக்கினால் குவிந்து உச்சியைத் தொட்டு ஆட்டம் முடிந்துவிடும். எங்கள் பதிவறையைப் பார்த்து யாரோ செய்தது என்றுதான் நான் நினைத்தேன்.

மன்றப் பொருள் என்பதால் உறுப்பினர்கள் முறைவைத்து வாரம் ஒருவராக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். திண்டிவனம் கிளையின் தட்டச்சர் பிலோமினாவின் முறை முடிந்து, பெட்டியைத் திரும்ப வாங்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டிவிக்கு எதிரே கட்டில். கட்டிலில் அவர் கணவர் ஆரோக்கியசாமி. லாரி ஓட்டுநர், ஒலக்கூர் பக்கம் வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மார்பின் மேல் ரிமோட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். பொட்டிய எடுத்துக்கினு போவ வந்தீங்களா? எமன்கூட ரெண்டு நாள் தவண குடுப்பான் சார்.”

“சும்மா இருங்க நீங்க” என்றார் பிலோமினா. பிறகு வாசலுக்கு வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இது வந்ததுலேந்துதான் சார் மனுசன் மனுசனா இருக்காரு. இல்லன்னா செவுத்தப் பாத்துக்கினே கெடப்பாரு. கூப்டாகூடத் திரும்ப மாட்டாரு. ராத்திரி நான் ஆட, அவரு திட்ட, அவரு ஆட, நான் திட்டன்னு ஒரே பேஜாரு. இந்த வூட்ல சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சி தெரியுமா?”

நான் என்ன செய்ய முடியும்? முறை முறைதான். ஆனால் அந்த ஆண்டு மன்றம் ஒரு போட்டி அறிவித்திருந்தது. கட்டை ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கேடயம். பெட்டி ஓராண்டு அவர் பொறுப்பில். அதை அவரிடம் சொன்னேன். உள்ளே இருந்து ஆரோக்கியசாமியின் குரல் வந்தது: “ஏ பிலோமி, இனிமே சோறாக்காத. பிராக்டிஸ் பண்ணு.”

போட்டியன்று விழுப்புரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆடிக் கவிழ்ந்தார்கள். கன்னியப்பன் ஊதி ஊதி முதலிடத்தில் நின்றார். கடைசியில் பிலோமினா உட்கார்ந்தார். தட்டச்சு செய்யும் அதே நிமிர்ந்த முதுகு, அதே சலனமில்லாத முகம். மாலை அலுவலகம் முடியும் நேரத்தில் கன்னியப்பனை நெருங்கிவிட்டார். திரையின் அடியில் இரண்டே வரிசை, மேலே வெட்டவெளி.

அப்போது எங்கள் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எதையும் ரசிப்பவர் அல்ல, எதையும் முடித்துவைப்பவர். “நேரம் முடிஞ்சிடுச்சு. ஏழாவது விதிப்படி நாளைக்குத் தொடரலாம்” என்றார்.

“சார், இன்னும் கொஞ்ச நேரந்தான் சார். இத சேத்து வெக்க முடியாது சார். கரன்ட்டு போனா எல்லாம் போயிரும்.”

“அதுக்குத்தானேம்மா சீல் வெக்கிறோம்.”

இந்தப் பதிலை நான் பல ஆண்டுகள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

ஆட்டம் அப்படியே நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு கட்டை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. டிவிக்கும் பெட்டிக்கும் சேர்த்து வெள்ளைத் துணி சுற்றி, நூல் கட்டி, கன்னியப்பன் மெழுகுவத்தியில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். வாக்குப் பெட்டிக்குச் செய்கிற அத்தனையும் செய்தோம். போட்டியாளர் இருவரும் கையெழுத்திட்டார்கள். அறைக் கதவுக்கும் முத்திரை. பிணம்போலத் துணி சுற்றிய அந்த டிவி உள்ளே மினுமினுத்துக்கொண்டிருந்தது. பிலோமினா கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே திண்டிவனம் பேருந்துக்குப் போனார்.

காவலர் முனுசாமிக்கும் ஒரு விதி இருந்தது. அலுவலகம் பூட்டியதும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்தார்.

மறுநாள் முத்திரையை உடைத்துத் துணியை விலக்கினோம். திரையில் ஆட்டங்களின் பெயர்ப் பட்டியல்தான் நின்றது. முனுசாமியை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“நான் இன்னா சார் பண்ணேன்? அணைக்காம வுட்டா மெமோ குடுக்கிறீங்க. அணைச்சா மொறைக்கிறீங்க. எதுனா ஒன்னு பண்ணுங்க சார்.”

அதிகாரி அமைதியாக ஒரே கேள்வி கேட்டார்: “முத்திரை உடைஞ்சிருந்ததா?”

“இல்ல சார்.”

“அப்போ உள்ள எதுவும் மாறியிருக்க வழியில்லை. இப்போ என்ன இருக்கோ, அதுதான் நேத்தும் இருந்திருக்கணும்.”

நேற்று அங்கே உட்கார்ந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்த நாற்பது பேரும் அதைக் கேட்டோம். ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை, உண்மை மட்டும்தான் இல்லை. பிலோமினா ஆடவே இல்லை என்று முடிவானது. கேடயம் கன்னியப்பனுக்கு. பெட்டி அவருடைய பீரோவுக்குள் போனது. வெளியே இருந்தால் தூசி படியுமாம்.

நான் பிலோமினாவின் பெயரில் சென்னையிலுள்ள தலைமை மன்றத்துக்கு மேல்முறையீடு தயாரித்தேன். ஏழாவது விதியைக் காட்டி, போட்டியை மீண்டும் நடத்தி, அதுவரை பெட்டியைத் திண்டிவனத்தில் வைக்கலாம் என்று எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். ஒரு கேள்வி வந்தது: “ஆட்டம் நிறுத்தப்பட்டபோது காய்கள் இருந்த நிலையை வரைபடமாக மூன்று பிரதிகளில் அனுப்பவும்.” பிலோமினா நினைவிலிருந்தே கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுத்தார். கட்டிலில் கிடந்தபடி ஆரோக்கியசாமி அதை வாங்கிப் பார்த்து, “இந்த அந்தரத்துல நிக்கிற கட்டைய எந்தக் கணக்குல எழுதுவாங்க சார்?” என்று கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இறந்துபோனார்.

மேல்முறையீட்டை நான் திரும்பப் பெறவில்லை. மனுதாரரின் கணவர் இறந்தால் கோப்பை முடிக்கலாம் என்று எந்த விதியும் கிடையாது.

இன்று அந்த மன்றம் இல்லை. அந்த அறையில் கணினி சர்வர் ஓடுகிறது. அதன் மெயினை யாரும் அணைப்பதில்லை. அரக்கு இல்லை, நூல் இல்லை. கன்னியப்பனின் பீரோவைப் பின்னாளில் திறந்தபோது பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. கழிவுப் பொருளாக ஏலத்தில் போனது. மருமகனின் பெட்டி என் அலமாரியில் சேவ் செய்த ஆட்டங்களோடு கிடக்கிறது. யாரும் திறந்து தொடர்வதில்லை. எல்லாவற்றையும் சேமிக்கலாம் என்றானபின், எதற்கும் திரும்பிவர வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

தலைமை மன்றத்தின் பதில், ஆரோக்கியசாமி இறந்தபின், ஒருநாள் தபாலில் வந்தது. அப்போது நான் மாறுதலில் திண்டிவனம் கிளையில் இருந்தேன். ஒரே வாக்கியம்: “ஏழாவது விதிப்படி, மனுதாரர் ஆட்டத்தை நிறுத்தப்பட்ட நிலையிலிருந்தே தொடர அனுமதிக்கப்படுகிறார்.” அதைக் கொடுக்கலாம் என்று எழுந்து பார்த்தேன். தட்டச்சு இயந்திரத்தின் மேல் உறை போட்டிருந்தது. கல்லறைத் திருநாள் என்பதால் பிலோமினா அன்று விடுப்பு. பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். வரவு முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினேன். நவம்பர் 2.