துரை குளித்த தண்ணீர்

பேச்சியம்மா கோப்பிப் பழம் பறிப்பதில் படு மோசம். தெல்தோட்டைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள்கூடக் கூடையை நிரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்; இவள் இன்னும் அதே செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். பழத்தோடு பச்சைக் காயையும் இலையையும் சேர்த்து உருவிப் போடுவாள். லெட்சுமணன் கங்காணி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "நீ செடிப் பக்கமே வராத ஆத்தா. பங்களாவுக்குத் தண்ணி சுமக்கப் போ," என்று அனுப்பிவிட்டார். அந்த வேலைக்கு அவள் பொருத்தமான ஆள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று மேட்டில் ஏறினாலும் மூச்சு வாங்காது.

பங்களாவுக்கு மேலே ஓர் ஊற்று இருந்தது. காட்டையெல்லாம் வெட்டிக் கோப்பி நட்ட பிறகு அந்த மலையில் வற்றாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். கீழே ஓடிய ஓடையைப் பழத்தோல் உரிக்கும் ஆலைக்காக மறித்துவிட்டார்கள். ஆலை கழித்துவிட்ட தண்ணீர், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கு வரும்போது அழுகல் நாற்றம் அடிக்கும். மாசி பிறந்தால் அந்த நாற்றத் தண்ணீரும் நின்றுபோகும். அப்புறம் பெண்கள் அடுத்த மலையின் பள்ளத்துக்குப் போய்ச் சிரட்டையால் சுரண்டி எடுத்துவர வேண்டியதுதான். மேல் ஊற்று பங்களாவுக்கு மட்டும் என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. லயத்துக்காரர் யாராவது அதில் கை வைத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது.

துரைக்குச் சாயங்காலம் குளிக்கத் தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டும். அவர் குளித்து எழுந்ததும், பங்களாவில் சமையலும் எடுபிடியும் பார்க்கும் கறுப்பையா தொட்டியைச் சரித்துவிடுவான். தண்ணீர் சுவரின் ஓட்டை வழியாக வெளியேறிப் பள்ளத்து முள்ளுக்குள் பாயும். கழுத்து நோகத் தான் சுமந்தது முள்ளுக்குப் போவதைத் தினமும் பார்த்த பேச்சியம்மா, ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"தம்பி, இந்தத் தண்ணி யாருது?"

"துரையோடது."

"தொட்டியில இருக்கையில சரி. வெளிய வந்தப்புறம்?"

இருவரும் கங்காணியிடம் போனார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "ஊத்துத் தண்ணியத் தொடக் கூடாதுன்னுதான் உத்தரவு. துரை குளிச்ச தண்ணியத் தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே," என்றார்.

அவ்வளவுதான். பங்களாவுக்குக் கீழே ஒரு குழி தோண்டிக் களிமண் பூசினார்கள். சுவர் ஓட்டையிலிருந்து குழி வரைக்கும் மூங்கிலைப் பிளந்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து, மொள்ளுவதற்குப் பேச்சியம்மாவைக் காவல் போட்டார்கள். துரை தேய்த்துக் குளிக்கும் சவுக்காரம் கலந்த தண்ணீர் என்பதால் குடிக்க உதவாது. துணி துவைக்க, சட்டி கழுவ, கீரைப் பாத்திக்கு விட உதவியது. லயத்து ஆடுகள்மேல் ரோசாப்பூ வாசம் வீசியது.

இந்தச் சமயம் பார்த்துத் துரைக்குச் சளி பிடித்தது. குளிப்பதை நிறுத்திவிட்டார். குழி வறண்டது; கீரை வாடியது. லயத்தில் எல்லோரும் துரையின் மூக்கைப் பற்றியே பேசினார்கள். சளி குணமான பிறகும் அவருக்குச் சோம்பல். முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். வேறு வழியில்லை, அவரை அழுக்காக்குவது என்று லயம் முடிவு செய்தது. துரை குதிரையில் வரும் நேரம் பார்த்துப் பெண்கள் தெருவைக் கூட்டினார்கள். காய்ந்த மண் மேகம்போல் எழுந்தது. மலைமேல் பாதையை வெட்டிச் சீர்செய்த ஆண்கள் மண்ணைக் கீழே தள்ளினார்கள். துரை மாவில் புரண்டவர்போல வீடு திரும்பி, காலையிலும் மாலையிலும் குளித்தார். குழி நிறைந்தது. இப்படி ஒரு புழுதி நாட்டைத் தாம் கண்டதில்லை என்று கறுப்பையாவிடம் சொன்னாராம்.

புழுதி அளவுக்கு மீறிவிட்டது. ஒரு நாள் கண் தெரியாமல் குதிரை இடற, துரை விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரைத் தூளியில் கிடத்திக் கண்டிக்குத் தூக்கிப் போனார்கள். லயமே குழியைச் சுற்றி உட்கார்ந்து துக்கப்பட்டது. பேச்சியம்மாவுக்கும் துக்கம்தான், அவர் நல்ல மனிதர், குடத்தை இறக்கினால் "போதும், போதும்" என்று சொல்லத் தெரிந்தவர். ஆனாலும் மறுநாள் வழக்கம்போலக் குடத்தோடு பங்களாவில் போய் நின்றாள்.

"எங்க வந்த அக்கா? துரைதான் இல்லையே."

"சாயங்காலம் தொட்டி நெறஞ்சிருக்கணும்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"வேணாம்னு சொல்லிட்டுப் போனாரா?"

சொல்லவில்லை. தூளியில் அவர் வலியில் முனகியதோடு சரி. கங்காணியைக் கூப்பிட்டார்கள். தொட்டியை நிரப்பலாம், ஆனால் துரை குளிக்காத தண்ணீரை எடுத்தால் அது களவு என்று அவர் கறாராகச் சொன்னார். ஆகவே கறுப்பையா துரையின் துண்டைக் கொக்கியில் மாட்டினான். காலி அறையைப் பார்த்து, "துரை, தண்ணி தயாருங்க," என்று குரல் கொடுத்தான். துரை வழக்கமாக எவ்வளவு நேரம் குளிப்பாரோ அவ்வளவு நேரம் வெளியே நின்றான். உள்ளே பேச்சியம்மா தண்ணீரைக் கையால் அளைந்தாள். சவுக்காரமும் போட்டால்தான் முறையாக இருக்கும் என்றான் கறுப்பையா. அவள் ஒப்பவில்லை.

சவுக்காரம் இல்லாத தண்ணீர் தேனாக இருந்தது. துரை இல்லாதபோது துரை குளித்த தண்ணீரைச் சனங்கள் குடித்தார்கள். பள்ளத்துக்குப் போய்ச் சுரண்டுவது நின்றது. காலையில் ஒரு தொட்டி, மதியமும் ஒரு தொட்டி என்று ஆயிற்று; வெயிலுக்குத் துரை இன்னொரு தடவை குளிக்க மாட்டாரா என்று கங்காணியே கேட்டார்.

அக்குறணையிலிருந்து பொதிமாடுகளில் அரிசியும் கருவாடும் கொண்டுவரும் வியாபாரி தாஸிம் நானா, குழியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

"இந்தக் கோடையிலே ஏது தங்கச்சி தண்ணி?"

"துரை குளிச்சது, நானா."

"அவர் கண்டியிலே கெடக்கிறாரே, கால் ஒடிஞ்சு."

"அங்க கெடக்காரு. இங்க குளிக்காரு. ஒரு நாளைக்கு மூணு தரம்."

தாஸிம் அவளைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், பொதியைக் கட்டினார். கண்டிக் கடைத்தெருவில் போய் இதைச் சொன்னார் போலிருக்கிறது.

துரை முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். காலில் கட்டு. கோலை ஊன்றி முன் வாசல் கதிரையில் உட்கார்ந்தார். பதறிய கறுப்பையா கோப்பி கொடுத்தான். பொழுது சாய்ந்ததும், கை பழகிய வேலை, உள்ளே போய்த் துண்டை மாட்டிக் காலி அறையைப் பார்த்து, "துரை, தண்ணி தயாருங்க," என்றான்.

துரை தத்தித் தத்தி உள்ளே வந்தார். தொட்டியருகே குந்தி, முழங்கை வரை நனைய அளைந்துகொண்டிருந்த பேச்சியம்மாவைக் கண்டார்.

"யார் குளிக்குது?" என்றார் துரை.

"நீங்கதான் துரை."

"நான் கண்டியில் இருக்குது. வைத்தியர் குளிக்காதே சொல்லுது. ஒரு மாதம் குளிக்கவில்லை."

"இங்க தவறாம குளிச்சீங்க துரை."

துரை சுவரில் சாய்ந்தார். அவர் ஏசப்போகிறார் என்று கறுப்பையா கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் துரையின் முகத்தில் ஒரு வெட்கம் படர்ந்தது. கண்டியில் மற்ற துரைமார் அவரைத் தேடி வந்தார்களாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிற ஆள் என்று சீமாட்டி ஒருத்தி புகழ்ந்தாளாம். தாம் மறுக்கவில்லையாம்.

"நான்... நல்லா குளிக்குதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல துரை. லயமே பார்த்திருக்கு."

அவர் தலையாட்டினார். "நிறுத்த வேண்டாம்," என்றார். பிறகு அலுமாரிப் பக்கம் கோலை நீட்டி, "சவுக்காரம் போடு," என்றார்.

பேச்சியம்மா குழியருகே காத்திருக்கும் குடங்களை நினைத்தாள்.

"எதுக்குங்க துரை? ஒங்க மேல அழுக்கே இல்லையே."

ஒரு மாதமாகத் தண்ணீர் படாத துரைக்கு அதைக் கேட்டு வாயெல்லாம் பல். அவள் சொன்னபடியே விட்டுவிட்டார்.

சித்திரையில் மழை இறங்கியது. குழியைக் கல் வைத்துக் கட்டினார்கள். முறையும் காவலும் அப்படியே இருந்தன. முறிந்த கால் கூடிய துரை தாமே குளிக்கத் தொடங்கினார், சவுக்காரத்தோடு, சாயங்காலம் ஒரு தடவை. மற்ற இரண்டு குளியலும் அவர் இல்லாமலே நடந்தன. அந்த நேரங்களில் அவர் பங்களாவில் இருந்தாலும் குளியலறைப் பக்கம் வரமாட்டார். யாரோ உள்ளே குளிக்கிறார்கள் என்பதுபோல், கதவைத் தாண்டும்போது மட்டும் மெல்ல நடப்பார்.