உதைத்தவனும் பறந்தான்

கப்பியின் உள்ளங்கையில் கத்தி தீட்டலாம். சரி, கத்தி கொஞ்சம் அதிகப்படிதான்; தீக்குச்சி தாராளமாக உரசலாம். சண்டைப் படங்களில் ஆட்களைக் கயிற்றில் பறக்கவிட்டே பத்தொன்பது வருஷம் ஓட்டியவள். அதே கயிற்றில் அவளுக்குப் பின்னால் நின்று பிடிப்பவன் அவள் கொழுந்தன். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிய நாளிலிருந்து இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. கயிறு இழுக்கப் புது மெஷின் வருகிறது, நாளையிலிருந்து இருவரில் ஓர் ஆள் போதும் என்று ஸ்டண்ட் மாஸ்டர் சொல்லியிருந்தார். அது யார் என்பது இன்றைய சண்டைக் காட்சி முடிந்த பிறகு தெரியும்.

சண்டை விண்வெளியில். மலையைப் பிளக்கும் காலுடைய கதாநாயகன், எடையே இல்லாத இடத்தில் வில்லனை உதைக்கிறான். மாஸ்டர் வகுத்தபடி வில்லன் பறக்கிறான், இவன் மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கிறான். கப்பிக்குப் பொறுக்கவில்லை. தினமும் முதலில் கயிறு கட்டிய பெல்ட்டை மாட்டித் தொங்கிப் பார்ப்பவள் அவள்தான். அன்று காலை, எதிரே தொங்கிய மணல்மூட்டையை ஓங்கி உதைத்தாள். மூட்டை அந்தப் பக்கம் போனது. இவள் இந்தப் பக்கம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

"மாஸ்டர், காலுக்குக் கீழ தரையில்ல. உதைச்சவரும் பின்னாடி போகணும். பலசாலின்னா இன்னும் தூரமா போவாரு. அடுத்த அடி வேணும்னா வில்லன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடிக்கணும்."

"ஹீரோ பின்னாடி போறதா? நீ என்ன, விண்வெளிக்குப் போயிட்டு நேத்துதான் பஸ்ல வந்து இறங்கினியா? பிடின்னா பிடி. ரோப் ஒரு இஞ்ச் அசைஞ்சாலும், இழுத்த ஆளு இன்னியோட வீட்டுக்கு!"

கொழுந்தன் கயிற்றைப் பார்த்துச் சொன்னான்: "சில பேருக்கு வாய்தான் ரோப். எவ்வளவு இழுத்தாலும் அறாது."

கப்பி கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "சில பேருக்குக் கழுத்து எதுக்கு இருக்கு? தலையாட்டத்தான்."

கேமரா ஓடியது. உதை விழுந்தது. மறுபக்கத்து ஆட்கள் வில்லனை வெடுக்கென்று இழுத்தார்கள். அதே நொடியில், கப்பியும் கொழுந்தனும் பிடித்த கயிற்றில் தொங்கிய கதாநாயகனும் எதிர்ப்பக்கம் பாய்ந்தார். கைகால் விரிய ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அட்டை விண்கலத்தில் முதுகை இடித்து, எகிறித் திரும்பினார். அவருடைய "ஐயோ"வும் சேர்ந்தே பதிவானது.

இயக்குநர் திரையில் மூன்று முறை போட்டுப் பார்த்தார். "இப்பத்தான்யா உதையோட பலம் தெரியுது. மிச்ச எட்டு ஷாட்டும் இப்படியே வேணும்."

மாஸ்டரின் முகம் கறுத்தது. "ஷாட் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி, என் பேச்சை மீறினவங்களுக்கு இங்க இடமில்ல. இழுத்தது யாரு?"

கப்பி நிமிர்ந்து நின்றாள். "நான்தான். ஒத்தை ஆளா. இந்த ஆளு கடைப் பொம்மை மாதிரி சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

கொழுந்தன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை அவனுக்குத்தான். ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டே வந்தது.

"பொய், மாஸ்டர்! மொதல்ல இழுத்தது நான். இந்தம்மா அப்புறம்தான் தொத்திக்கிட்டாங்க."